பதின்பருவ மூளையும் சிந்தனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்பருவப் பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோர், ஆசிரியர்களோடும் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். ஆட்கள் மாறினாலும் ஐயங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது. பிற்பகுதிப் பதில்கள் சில, முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்கின்றன.

பதின்பருவம் எந்த வயதில் தொடங்கி எந்த வயதில் முடிகிறது?

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்று வரையறுக்கிறது. படிப்பு, வேலை, திருமணம் எல்லாமே தள்ளிப்போகும் இக்காலத்தில் அதை 24 வயது வரை நீட்டிக் கணக்கிட வேண்டும் என்று 2018-இல் ஆய்வாளர்கள் சிலர் முன்மொழிந்தார்கள். தொடக்கத்தை உடல் தீர்மானிக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரிச் சுரப்பியின் வழியாகப் பாலின ஹார்மோன்களைத் தூண்டும்போது பருவமாற்றம் தொடங்குகிறது; பெண் பிள்ளைகளுக்கு இது பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் நிகழ்கிறது. முடிவைத் தீர்மானிப்பதில் உடலைவிடச் சமூகத்துக்கே பங்கு அதிகம்.

ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு 12 வயதுப் பிள்ளைகளில் ஒருவருக்குப் பருவமாற்றம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கலாம், மற்றவருக்கு இன்னும் தொடங்காமலே இருக்கலாம். இருவரையும் அருகருகே நிறுத்தி ஒப்பிடுவதில் பொருளில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூளை சிறு வயதிலேயே வளர்ந்து முடிந்துவிடும் என்கிறார்களே, பிறகு பதின்பருவத்தில் வளர என்ன இருக்கிறது?

அளவைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆறு வயதுக்குள் மூளை, பெரியவர்களுடைய மூளையின் அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அதன் பிறகு நடப்பது உள்வேலை. முதலாவதாக, நரம்பணுக்களுக்கு இடையே குழந்தைப் பருவத்தில் தேவைக்கு அதிகமாக உருவான இணைப்புகள் கழிக்கப்படுகின்றன. இறந்தவர்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்து இணைப்புகளை எண்ணிப் பார்த்த பீட்டர் ஹட்டன்லாக்கர், 1979-இல் இதை வெளியிட்டார். இரண்டாவதாக, எஞ்சும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை படிகிறது. உறையில்லாத இழையைவிட உறையுள்ள இழையில் செய்தி நூறு மடங்கு வரை விரைவாகச் செல்ல முடியும்.

உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் மூளையில் இவை நிகழ்வதைப் பார்க்க எம்.ஆர்.ஐ. கருவி வரவேண்டியிருந்தது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீடும் அவருடைய குழுவினரும் ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுத்து, மூளையின் முன்பகுதியான முன்மடலில், நரம்பணுக்கள் செறிந்த சாம்பல்நிறப் பொருள் 11, 12 வயது வாக்கில் உச்சத்தை எட்டிப் பிறகு குறைவதை 1999-இல் காட்டினார்கள். அதே நிறுவனத்திலிருந்து 2004-இல் வந்த ஆய்வு இந்த மாற்றத்தின் வரிசையைக் காட்டியது. அசைவுக்கும் புலன்களுக்கும் உரிய பகுதிகள் முதலில் முதிர்கின்றன. திட்டமிடுவதற்கும் அடக்கிக்கொள்வதற்கும் பின்விளைவை எடைபோடுவதற்கும் உரிய முன்நெற்றிப் புறணி கடைசி வரிசையில் வருகிறது.

இணைப்புகள் குறைகின்றன என்றால் மூளை மங்குகிறது என்றுதானே பொருள்?

இல்லை. புல்வெளியில் ஆளுக்கொரு திசையில் நடந்தால் எங்கும் பாதை உருவாகாது; பலரும் திரும்பத் திரும்ப நடக்கும் தடம் ஒற்றையடிப் பாதையாகத் தேறும், மற்றவற்றைப் புல் மூடிவிடும். பயன்படும் இணைப்பு வலுப்பெற்று, பயன்படாதது மறைவதும் ஏறக்குறைய அப்படித்தான். தடங்கள் குறைந்தாலும் போக்குவரத்து விரைவாகிறது.

இதை ஒரு மிரட்டலாக மாற்றிவிடுகிறார்கள் என்பதே என் கவலை. “இப்போது கற்காவிட்டால் அந்தக் கதவு என்றைக்கும் மூடிவிடும்” என்று பிள்ளைகளிடம் சொல்லப்படுவதை அடிக்கடி கேட்கிறேன். கழிப்பு வேலையின் ஒரு பகுதியைப் பழக்கம் வடிவமைக்கிறது, மறுபகுதியை மரபணுக்கள் நடத்துகின்றன. புதிய இணைப்புகள் உருவாவதோ வாழ்நாள் முழுவதும் நிற்பதில்லை. இந்த வயதில் கற்பது எளிதில் ஆழப் பதியும் என்பது வரைதான் சரி.

இந்த வயதில் சிந்தனையில் அப்படி என்ன புதிதாக வருகிறது?

கண்முன் இல்லாததை வைத்து யோசிக்கும் திறன் வருகிறது. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர்கள் ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் பிள்ளைகளிடம் ஒரு கயிற்றையும் சில எடைகளையும் கொடுத்து, ஊசல் ஆடும் வேகத்தைத் தீர்மானிப்பது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சிறு பிள்ளைகள் கயிற்றின் நீளத்தையும் எடையையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டுக் குழம்பினார்கள். பதின்பருவத்தினர் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, நீளம்தான் காரணம் என்று கண்டார்கள். “இப்படி இருந்தால் என்ன ஆகும்” என்று மனத்துக்குள்ளேயே சாத்தியங்களை அடுக்கிப் பார்க்கும் இந்தத் திறன் 11, 12 வயதில் தொடங்குகிறது என்றார் பியாஜே. அது எல்லாருக்கும் ஒரே வயதில் வருவதில்லை என்பதும், பழகிய துறையில் தெளிவாகச் சிந்திப்பவரே பழகாத துறையில் தடுமாறுவார் என்பதும் பின்னால் வந்த ஆய்வுகளில் தெரியவந்தன.

வீட்டில் இந்தத் திறன் வாதமாக வெளிப்படுகிறது. உலகம் வேறு மாதிரியும் இருக்கலாம் என்று எண்ணத் தொடங்கிய பிள்ளைக்கு, வீட்டின் விதிகளும் வேறு மாதிரி இருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. பெற்றோர் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியும் அதே கண்ணுக்குத்தான் தெரிகிறது. “எதிர்த்துப் பேசுகிறாள்” என்று என்னிடம் வந்த முறையீடுகளில் கணிசமானவை, கவனித்துக் கேட்டால், அந்தப் பிள்ளை முதன்முதலாக ஒழுங்காகத் தர்க்கம் செய்த கதைகளாகவே இருந்தன.

எல்லாம் தெரிந்த பிள்ளைதான். கேட்டால் சரியாகப் பதில் சொல்கிறான். அந்த நேரத்தில் மட்டும் புத்தி எங்கே போகிறது?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். ஆற அமர யோசிப்பதும் சூட்டோடு சூடாக முடிவெடுப்பதும் மூளைக்கு இரண்டு வெவ்வேறு வேலைகள். அவசரமில்லாத சூழலில், அமைதியாக, தகவல்களை முன்னால் வைத்துக்கொண்டு யோசிக்கும் திறன் 16 வயது வாக்கில் பெரியவர்களுக்கு நிகராகிவிடுகிறது. கோபம், ஆசை, அவமானம், நண்பர்களின் பார்வை ஆகியவை சூழும்போது தன்னை நிறுத்திக்கொள்ளும் திறன் அதற்குப் பல ஆண்டுகள் பின்னால் வருகிறது. லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரையிலான 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு இந்த இடைவெளி பல பண்பாடுகளிலும் காணப்படுவதைக் காட்டியது.

இடைவெளிக்குக் காரணம், மூளையின் இரு அமைப்புகள் வெவ்வேறு வேகத்தில் வளர்வதே என்பது பரவலான விளக்கம். மகிழ்ச்சியையும் பரிசையும் தேடும் பகுதிகளில் டோபமின் என்னும் மூளை வேதிப்பொருளின் செயல்பாடு பருவமாற்றத்தோடு சேர்ந்து கூர்மையடைகிறது. அதை நிறுத்திப் பிடிக்க வேண்டிய முன்நெற்றிப் புறணியும் அதன் இணைப்புகளும் மெதுவாக, சீரான வேகத்தில் முதிர்கின்றன. ஆகவே 14 வயதுப் பிள்ளைக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. தெரிந்த ஆபத்தைவிடக் கிடைக்கப்போகும் இன்பம் அந்த நொடியில் பெரிதாகத் தெரிகிறது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. “இது தப்பு என்று உனக்குத் தெரியாதா?” என்று கேட்பதால் பயனில்லை, தெரியும் என்பதால்தான் அவன் தலைகுனிந்து நிற்கிறான். அந்தச் சூழலில் என்ன இருந்தது, யார் இருந்தார்கள், எந்த இடத்தில் விலகியிருக்க முடியும் என்று சூடு ஆறிய பிறகு இருவருமாகப் பேசுவதே அடுத்த முறைக்கு உதவுகிறது.

தனியாக இருக்கும்போது ஒழுங்காக இருப்பவர்கள் நண்பர்களோடு சேர்ந்தால் மட்டும் ஏன் இப்படி மாறிவிடுகிறார்கள்? நண்பர்கள் கெடுக்கிறார்களா?

2005-இல் வெளியான ஒரு சோதனையில் 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24 வயதுக்கு மேற்பட்டவர்கள் என மூன்று குழுவினர் திரையில் ஒரு கார் விளையாட்டை ஆடினார்கள். சிக்னல் மஞ்சளுக்கு மாறிய பின்னும் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்பதே அளவுகோல். தனியாக ஆடியபோது குழுக்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் அருகில் இருந்தபோது பதின்பருவத்தினர் மிக அதிகமாகவும், இடைப்பட்டவர்கள் ஓரளவும் கூடுதலாகத் துணிந்தார்கள். மூத்தவர்களிடம் மாற்றம் தென்படவில்லை. பின்னர் 2011-இல் இதே விதமான விளையாட்டை ஸ்கேன் கருவிக்குள் ஆடச் செய்தபோது, நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே பதின்பருவத்தினரின் மூளையில் பரிசைத் தேடும் பகுதிகள் கூடுதலாகக் கிளர்ந்தன.

நண்பர் எதையும் தூண்ட வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்பதால், “கெடுக்கிறார்கள்” என்ற சொல் பொருந்தாது. சேர்ந்து படிப்பதும் பயிற்சி செய்வதும் உதவி செய்வதும் இந்த வயதில் இரட்டிப்பு ஊக்கத்தோடு நடப்பதற்கும் இதே ஈர்ப்புதான் காரணம்.

கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம். ஒரு சின்னப் பரு வந்தால் பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறாள். யார் பார்க்கப்போகிறார்கள்?

எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு உண்மையாகவே தோன்றுகிறது. உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் இதைக் கற்பனைப் பார்வையாளர் கூட்டம் என்ற பொருளில் விவரித்தார். பிறர் மனத்தில் எண்ணங்கள் ஓடுகின்றன என்பதைப் பிள்ளை இப்போது ஆழமாக உணர்கிறது. ஆனால் தன் மனத்தை நிறைத்திருப்பதே பிறர் மனத்தையும் நிறைத்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. தனக்கு நேர்வது வேறு யாருக்கும் நேர்ந்திருக்காது என்ற எண்ணமும் இதன் உடன்பிறப்பே.

பிறருடைய இடத்திலிருந்து பார்க்கும் திறன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. சாரா-ஜேன் பிளேக்மோரின் குழுவினர் 2010-இல் நடத்திய சோதனையில், அலமாரிக்கு மறுபுறம் நிற்பவருக்கு எந்தப் பொருள்கள் தெரியும் என்பதைக் கணக்கில் கொண்டு பொருள்களை நகர்த்த வேண்டும். 14 முதல் 17 வயதினர் இதில் பெரியவர்களைவிட அதிகம் தவறினார்கள். பருவைக் கேலி செய்யாதீர்கள். அவளுடைய கூட்டத்தில் நீங்களும் ஒருவராகிவிடுவீர்கள்.

முன்பெல்லாம் என் குரல் கேட்டால் ஓடி வருவான். இப்போது காதிலேயே விழாதது போல் இருக்கிறான். என்னைப் பிடிக்கவில்லையா?

ஒரு தாய் கண்கலங்கிக் கேட்டது இது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஏப்ரம்ஸ், வினோத் மேனன் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வை அவருக்குச் சொன்னேன். 12 வயது வரையிலான பிள்ளைகளின் மூளையில், பரிசையும் முக்கியத்துவத்தையும் உணரும் பகுதிகள் அறியாத பெண்களின் குரலைவிடத் தாயின் குரலுக்கே கூடுதலாகக் கிளர்ந்தன. 13 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இது தலைகீழாக மாறியிருந்தது. அவர்கள் தாயின் குரலைச் சரியாகவே அடையாளம் கண்டார்கள். மூளை புதிய குரல்களையும் தேடத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வெளியே உறவுகளை அமைத்துக்கொள்ள வேண்டிய உயிருக்கு இந்தத் திருப்பம் தேவை.

இரவு 12 மணி வரை விழித்திருக்கிறாள், காலையில் எழுப்பவே முடியவில்லை. சோம்பல்தானே?

இல்லை. தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் ஹார்மோன் பருவமாற்றத்துக்குப் பின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. தூக்க நேரம் இரண்டு மணி நேரம் வரை தள்ளிப்போகலாம். நாள் முழுவதும் விழித்திருப்பதால் சேரும் தூக்க அழுத்தமும் இவர்களிடம் மெதுவாகவே சேர்கிறது. மேரி கார்ஸ்கேடன் பல பத்தாண்டுகள் செய்த ஆய்வுகளால் இவை தெளிவாயின. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014-இல் பரிந்துரைத்ததற்கு இதுவே அடிப்படை.

ஆயினும் உயிரியல் தள்ளிவைத்த நேரத்தை ஒளிரும் திரை மேலும் தள்ளிவைக்கிறது. கைப்பேசியை இரவில் அறைக்கு வெளியே வைப்பது ஒரு தண்டனை போல் இல்லாமல் வீட்டில் எல்லாருக்கும் பொதுவான வழக்கமாக இருந்தால் நடக்கும். தேர்வுக்கு முந்தைய இரவில் தூக்கத்தைக் குறைத்துப் படிப்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: பகலில் படித்தது நினைவில் நிலைபெறுவதற்கான வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது.

ஆண் பிள்ளை மூளை வேறு, பெண் பிள்ளை மூளை வேறு என்கிறார்களே?

சராசரியாகப் பெண் பிள்ளைகளுக்குப் பருவமாற்றமும், அதையொட்டிச் சில மூளைப் பகுதிகளின் உச்சமும் ஓரிரு ஆண்டுகள் முன்னதாக வருகின்றன. ஒரே பாலினத்துப் பிள்ளைகளுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு இதைவிடப் பெரிது. கணிதம் யாருக்கு, இலக்கியம் யாருக்கு என்று இதைக் கொண்டு பிரிக்க இடமில்லை.

பத்தாம் வயதில் சுமாரான மாணவன் என்று முடிவாகிவிட்டது. அறிவுத்திறன் இனி மாறுமா?

மாறலாம். கேத்தி பிரைஸின் குழுவினர் 33 பதின்பருவத்தினரின் அறிவுத்திறனை அளந்து, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் அளந்தார்கள். சிலருக்கு மதிப்பெண் 20 புள்ளிகள் வரை ஏறியிருந்தது, சிலருக்கு இறங்கியிருந்தது. அந்த மாற்றத்துக்கு ஏற்ப மூளையின் குறிப்பிட்ட பகுதிகளிலும் மாற்றம் தெரிந்தது. 2011-இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான் என்றாலும், இணைப்புகள் பற்றி மேலே சொன்னதோடு பொருந்துகிறது. சுமாரான மாணவன் என்ற அந்த முடிவை யார் எடுத்தார்கள் என்பதே என்னுடைய எதிர்க்கேள்வி.

மது, கஞ்சா, புகையிலை எல்லாம் பெரியவர்களுக்கும் கெடுதல்தான். பதின்பருவத்தில் மட்டும் என்ன தனிக் கெடுதல்?

புதிய பழக்கத்தை எளிதில் ஆழப் பதிக்கும் அதே மூளை, அடிமைத்தனத்தையும் எளிதில் கற்றுக்கொள்கிறது. நிகோட்டினுக்கும் மதுவுக்கும் அடிமையாகும் வாய்ப்பு, தொடங்கும் வயது குறையக் குறையக் கூடுகிறது. பதின்பருவத்தில் அடிக்கடி கஞ்சா பயன்படுத்துவது, பிற்பாடு தீவிர மனச்சிதைவு நோய்கள் வரும் ஆபத்தோடு தொடர்புடையது; குடும்பத்தில் அத்தகைய நோய் உள்ளவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கோபம், அழுகை, கதவை அறைந்து சாத்துவது எல்லாம் இந்த வயதில் சகஜம் என்கிறார்கள். எதுவரை சகஜம்?

பதின்பருவம் என்றாலே புயல்தான் என்ற கருத்தை 1904-இல் உளவியலாளர் ஸ்டான்லி ஹால் பரவலாக்கினார். பெரும்பாலான பிள்ளைகள் பெரிய கொந்தளிப்பு இல்லாமலே இதைக் கடக்கிறார்கள் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. “இந்த வயதில் அப்படித்தான்” என்று ஒதுக்கிவிடுவது எனக்கு அச்சம் தருகிறது, ஏனெனில் வாழ்நாளில் வரும் மனநலப் பாதிப்புகளில் ஏறத்தாழ பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன.

கோபம் வந்து, தணிந்து, மறுநாள் சிரித்துப் பேசினால் அது இந்தப் பருவத்தின் இயல்பே. சோகமோ எரிச்சலோ இரண்டு வாரங்களுக்கு மேல் விலகாமல் இருப்பது, பிடித்தவற்றில் எல்லாம் ஆர்வம் போவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, தூக்கமும் உணவும் வெகுவாக மாறுவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது ஆகியவை மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள். கடைசி இரண்டில் எது தெரிந்தாலும் நாள் கடத்தாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். அப்படி நிகழ்வதில்லை. கனிவோடு கேட்பது பல பிள்ளைகளுக்கு மூச்சு விட இடம் தருகிறது.

மூளை 25 வயதில்தான் முழுமையடையும் என்றால், அதுவரை பொறுப்பும் கிடையாது, உரிமையும் கிடையாது என்று ஆகாதா?

25 என்பது இயற்கை போட்ட கோடு இல்லை. பல ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் வயது இருபதுகளின் நடுவோடு முடிந்ததால் அந்த எண் பரவிவிட்டது. முன்நெற்றிப் புறணியில் இணைப்புகள் கழிவது அதற்குப் பின்னும் மெதுவாகத் தொடர்கிறது. பிறந்தநாள் காலையில் யாரும் முதிர்ந்து எழுவதில்லை.

புத்தி எங்கே போகிறது என்ற கேள்விக்குச் சொன்ன வேறுபாடு இங்கே கைகொடுக்கிறது. வாக்களிப்பது, மருத்துவ ஒப்புதல் தருவது போன்றவை ஆற அமர யோசிக்கும் முடிவுகள். 16 வயதுக்காரரால் முடியும் என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. கும்பலோடு சேர்ந்து சூட்டில் செய்த குற்றத்தை எடைபோடும்போது அளவுகோல் வேறாக வேண்டும். 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தபோது, பதின்பருவத்தினரின் முதிர்ச்சியின்மையையும் சக வயதினரின் தாக்கத்துக்கு அவர்கள் எளிதில் ஆட்படுவதையும் காரணங்களாகக் காட்டியது. தண்டனையின் அளவு குறைந்ததே ஒழிய, பொறுப்பு இல்லை என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. வீட்டிலும் நான் அதையே சொல்வேன்: முடிவெடுக்கப் பழகாத மூளைக்கு 25 வயதில் அந்தத் திறன் தானாக வந்து சேராது.

எனக்கு 16 வயது. இதையெல்லாம் படித்தால் என் மூளை என் கையில் இல்லை என்று தோன்றுகிறது. நான் என்ன செய்ய முடியும்?

அமைதியாக யோசிக்கும் வேளையில் நீங்கள் என்னைவிடக் குறைந்தவர் இல்லை என்பதை முதலில் நினைவில் வையுங்கள். அந்த வேளையிலேயே, சூடான வேளைக்கான முடிவை எடுத்து வைத்துவிடலாம். யாராவது வேகமாக வண்டி ஓட்டும்போது பின்னால் அமர்ந்திருந்தால் என்ன சொல்லி இறங்குவது என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். கோபத்தில் எழுதிய செய்தியை மறுநாள் காலை வரை அனுப்புவதில்லை என்று ஒரு விதி வையுங்கள். எந்த இரவிலும், எந்த நிலையிலும், கேள்வி கேட்காமல் வந்து அழைத்துப்போகும் பெரியவர் ஒருவரைத் தேர்ந்து, அவரிடம் முன்கூட்டியே பேசி, அவருடைய எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.